தம்பி என்று நீ அழைத்த வாத்துக் குஞ்சு

முத்துமாரி,

விடுதி பழகிவிட்டதாக நீ போட்ட கடிதம் கிடைத்தது. சாப்பாட்டில் உப்பில்லை என்று எழுதியிருக்கிறாய். கேட்டு வாங்கிப் போட்டுக்கொள், வாய் எதற்கு இருக்கிறது? மற்ற விசேஷமெல்லாம் உங்க அய்யா தனியாக எழுதுவார். நான் எழுத வந்தது வேறு. போன வாரம் உன்னை மதுரையில் கொண்டுபோய் விட்டபோது, ஆமத்தூர் தாண்டி நம் பஸ் நின்றதே, நினைவிருக்கிறதா? முந்நூறு நானூறு வாத்து ரோட்டை அடைத்துக்கொண்டு கண்மாய்க்கு இறங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் ஹாரனை அழுத்த அழுத்த அதுகளுக்கு ஒரு அவசரமும் இல்லை. நீ ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு, "எம்மா, எந் தம்பி இதுல இருப்பானா?" என்று கேட்டுச் சிரித்தாய். "இருப்பான், இருப்பான். இந்நேரம் பேரன் பேத்தி எடுத்திருப்பான்" என்றேன் நான். பத்தொன்பது வயசுப் பெண், நர்சுப் படிப்புக்குப் போகிறவள், விளையாட்டுக்குத்தான் கேட்டாய். ஆனால் பஸ் கிளம்பிய பிறகும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாய். பதினைந்து வருசத்துக்கு முன் நான் சொன்ன பொய்யை அன்றைக்கும் ஒருமுறை சொன்னேன். இனிமேல் சொல்ல மனசு வரவில்லை.

உனக்கு அந்த வாத்துக் குஞ்சு ஏதோ கொஞ்சம்தான் நினைவிருக்கும். மஞ்சளாக இருந்தது, பின்னாலேயே வந்தது, அவ்வளவுதான் நீ சொல்லிக் கேட்டிருக்கிறேன். முழுக் கதையை நான் உனக்குச் சொன்னதில்லை. அது எங்கே பிறந்தது தெரியுமா? என் மடியில். சிரிக்காதே, நிசமாகத்தான் சொல்கிறேன். அந்த வருசம் நல்ல மழை. ஆனைக்குட்டம் பக்கம் வாத்துக்காரர் ஒருவர் கூட்டத்தை இறக்கியிருந்தார். உங்க அய்யா தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி முனையில் மருந்து முக்கும் வேலை முடிந்து வரும் வழியில், அவரிடம் இரண்டு முட்டை வாங்கிக்கொண்டு வந்தார். தின்பதற்குத்தான் வாங்கினார். எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. நம் கோழி அப்போது அடையில் உட்கார்ந்திருந்தது. ஒன்பது கோழிமுட்டையோடு இந்த இரண்டையும் சேர்த்து வைத்தால் என்ன ஆகும், கோழி கண்டுபிடிக்குமா, விரட்டுமா என்று பார்க்க ஆசை. கோழி ஒன்றும் சொல்லவில்லை. இருபத்தோராம் நாள் அதன் குஞ்சுகள் பொரிந்ததும் கூட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டது. வாத்து முட்டைக்கு இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்பது கோழிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கூமுட்டை என்று தூக்கி எறியப் போனவள்தான். ஓட்டு இடுக்கில் வந்த வெயிலில் தற்செயலாகப் பிடித்துப் பார்த்தேன். ஒன்று கலங்கிக் கிடந்தது. இன்னொன்றுக்குள் கறுப்பாக என்னமோ ஒரு தடவை நெளிந்தது. அதற்குப் பிறகு எப்படி எறிவது? அப்போது நம் தெருவில் எல்லோரும் காட்டு வேலையை விட்டுத் தீப்பெட்டி வேலைக்கு வந்த புதுசு. கம்பெனி ஏஜென்ட் சிலாம்பு என்கிற மரச்சீவல் கட்டும் நீலத்தாளும் பசைக்கு மைதா மாவும் கொண்டுவந்து போடுவான். பொம்பளைகள் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை சம்மணம் போட்டு உட்கார்ந்து பெட்டி ஒட்ட வேண்டும். கையும் கண்ணும்தான் வேலை செய்யும், மடி சும்மாதான் கிடக்கும். முட்டையைப் பழைய சேலைத் துணியில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டேன். இருட்டிய பிறகு அடுப்படியில் சூடான உமிச் சட்டிக்குள் வைத்துவிடுவேன். பக்கத்து வீட்டுப் பேச்சி மதினி என்னோடு உட்கார்ந்து ஒட்டுகிறவள், சும்மா இருப்பாளா? "ஏத்தா, எத்தனை மாசம்? வளைகாப்புக்குச் சொல்லிவிடுவியா, இல்ல நாங்களா வந்து வளையல் போட்டுக்கிடணுமா?" என்று தெருவே கேட்கக் கேட்டாள். எனக்கு வெட்கமெல்லாம் இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

ஏழாவது நாள் மடிக்குள் டொக்கு டொக்கு என்று தட்டியது. பசைக் கையோடு துணியை அவிழ்த்தேன். நீ வாயைப் பிளந்துகொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாய். உனக்கு நாலு வயசு. ஒரு வாரமாக அம்மா மடியில் எதையோ சுமக்கிறாள், தெருவே கேலி பேசுகிறது, இப்போது ஒன்று பிறந்திருக்கிறது. நீயாகவே முடிவு கட்டிவிட்டாய். "எம்மா, தம்பியா?" என்று கேட்டாய். அன்றைக்கு மதினி சிரித்த சிரிப்பில் ஒட்டி வைத்திருந்த பெட்டி அடுக்கு சரிந்து விழுந்தது. அன்றிலிருந்து அது தம்பிதான். நான் எழுந்தால் எழும், உட்கார்ந்தால் என் முழங்காலில் ஒட்டிக்கொண்டு படுக்கும். என் நீலக் கையைத்தான் அது தாய் என்று நினைத்ததோ என்னவோ. கோழிக்குப் பிறந்திருந்தால் கோழி பின்னால் போயிருக்குமா என்று அப்போது யோசித்தேன். இன்றைக்கும் தெரியாது.

அது பிறந்த ஆறாம் நாள் சுணங்கிவிட்டது. கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கண் பாதி மூடி, நடந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குளிர் என்று நினைத்து அடுப்புப் பக்கம் வைத்தேன். கண்ணேறு என்றாள் மதினி. மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். இரண்டும் கேட்கவில்லை. அப்போதுதான் எச்சத்தைப் பார்த்தேன். நீலமும் பச்சையுமாக, தண்ணீர் மாதிரி. நீலத்தாளின் சாயம்தான் என்று தோன்றியது. எங்கள் கையெல்லாம் அந்தச் சாயம்தானே. தாள் கட்டைப் பரண் மேல் தூக்கி வைத்தேன். மறுநாளும் நீலமாகத்தான் கழிந்தது. அப்படியானால் தாள் இல்லை. பிறகு என்ன? எனக்கு வேலை ஓடவில்லை. அன்றைக்கு ஆர்டர் பாதிதான் முடிந்தது.

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பிறந்த மறுநாள் குஞ்சு தவிடு தின்னாமல் கிடந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், காய்ச்சி ஆறிய பசையில் கொஞ்சம் விரலில் எடுத்து நானே அதன் அலகில் தடவினேன். வழவழவென்று இருக்கும், இறங்கும் என்று நினைத்தேன். நக்கித் தின்றது. ஏஜென்ட் கொடுக்கும் மைதாவில் மயில்துத்தம் கலந்திருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பொடித்த நீலக் கல் மாதிரி இருக்குமே, அதுதான். கரப்பான் பெட்டியை அரிக்கக்கூடாது, நாங்களும் மாவைத் தோசை சுட்டுத் தின்றுவிடக்கூடாது, இரண்டுக்கும் சேர்த்துத்தான். ஆனால் பச்சை மாவுதான் விஷம், கொதித்த பசையில் ஒன்றும் இல்லை என்பதுதான் தெருவின் சாஸ்திரம். "கொதிச்சா எந்த மருந்தும் செத்துப்போகும்த்தா" என்பாள் மதினி. நானும் நம்பினேன். எல்லாவற்றையும் கேள்வி கேட்கிற நான் அதை மட்டும் கேட்கவில்லை.

மறுநாள் பெட்டி ஒட்டுவதைப் போட்டுவிட்டு, குஞ்சை ஒரு ஓலைக் கொட்டானில் வைத்து, உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆனைக்குட்டத்துக்கு நடந்தேன். வாத்துக்காரர் குஞ்சைத் தலைகீழாகப் பிடித்தார், வாயை மோந்து பார்த்தார், கொட்டானில் கிடந்த எச்சத்தைக் குச்சியால் கிளறினார். அந்த மனிதரை எனக்கு உடனே பிடித்துப்போனது. "இது குளிரும் இல்ல, கண்ணும் இல்லத்தா. களிம்பு உள்ள போயிருக்கு. ஈயம் போன பாத்திரத்துல புளிச்ச கஞ்சிய வச்சுக் குடுத்தா எங்க குஞ்சுகளும் இப்பிடித்தான் நீலமாக் கழியும். ஒங்க வீட்டுல செம்புப் பாத்திரம் பொழங்குதீகளா?" என்று கேட்டார். "எங்க வீட்டுல ஏதுய்யா செம்பு? மண்சட்டியும் ஒரு அலுமினியப் போணியும்தான்" என்றேன். "அப்ப எங்கனருந்து வந்துச்சுன்னு நீதாம் பாக்கணும். இப்பதைக்கு முட்டை வெள்ளைக் கருவத் தண்ணியில அடிச்சு, திரி நனைச்சுச் சொட்டுச் சொட்டா ஊத்து" என்றார்.

திரும்பி நடக்கும்போது வழியெல்லாம் ஒரே யோசனை. செம்பில் ஏறும் களிம்பு என்ன நிறம்? துத்தம் என்ன நிறம்? இரண்டும் ஒன்றுதானே. அப்படியானால் கொதித்த பசையில் மருந்து சாகவில்லையா? வீட்டுக்கு வந்து ஒரு பழைய ஆணியைச் சாம்பல் போட்டு வெள்ளையாகத் தேய்த்து, காய்ச்சிய பசைக்குள் செருகி வைத்தேன். ஏன் ஆணி என்று கேட்பாய். பசை கிண்டும் கத்தி நுனி எப்போதும் சிவப்பாக இருப்பதைப் பல நாள் பார்த்திருக்கிறேன், துரு என்று விட்டுவிட்டேன். அன்றைக்குத்தான் அது துரு மாதிரி உதிர்வதில்லை என்பது உறைத்தது. சாயங்காலம் ஆணியை எடுத்துத் துடைத்தால், புதுச் செம்புக் குடம் மாதிரி பளபளவென்று சிவப்பு, துத்தத்துச் செம்பு அதில் ஏறியிருந்தது. மதினியிடம் கொண்டு போனேன். "கொதிச்சா செத்துப்போகும்னியே மதினி, இந்தா பாரு, உசுரோட இருக்கு" என்றேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தெருவைப் பார்த்து, "ஏலே, இங்க வாலே, வாயத் தொற!" என்று தன் மகனைக் கூப்பிட்டாள். அவள் அவன் வாய்க்குள் பார்த்தாள். நான் குஞ்சின் வாய்க்குள் பார்த்தேன். உன் வாயை நான் பார்க்கவில்லை, முத்து.

உனக்கு அந்த ஒரு வருசமாக வயிறு சரியில்லை. வாரத்தில் இரண்டு நாள் பச்சையாக வாந்தி எடுப்பாய். பித்தம் என்றார்கள். இஞ்சிச் சாறு, வேப்பங்கொழுந்து, தாயத்து, எல்லாம் பார்த்தாகிவிட்டது. தொப்புளுக்கு மேலே மூன்று தழும்பு இருக்கிறதே, கைக்குழந்தையில் நெருப்புத் துண்டு விழுந்தது என்று சொல்லியிருக்கிறேன். அதுவும் பொய். பித்தத்துக்குச் சூடு போட்டால் நிற்கும் என்று ஒருவர் வீட்டுக்குத் தூக்கிப் போனோம். மஞ்சள் கிழங்கைச் சுட்டு வைத்தார்கள். உங்க அய்யா வெளியே போய்விட்டார். உன் காலைப் பிடித்துக்கொண்டது நான். வாந்தி எடுத்துச் சேலையை நனைத்தாய் என்று உன்னை அடித்தும் இருக்கிறேன். குஞ்சு வந்த பிறகு உனக்கு வாந்தி கொஞ்சம் குறைந்தது. சூடு வேலை செய்கிறது என்று நான் சாமிக்குத் தேங்காய் உடைத்தேன்.

வெள்ளைக் கரு வேலை செய்தது. இரண்டு நாளில் குஞ்சு எழுந்து, மூன்றாம் நாள் என் முழங்காலுக்கு வந்துவிட்டது. பசைச் சட்டிக்கு மூடி போட்டேன். வேலை செய்யும்போது மடியை ஒட்டி வைத்துக்கொண்டேன், எழுந்தால் மூடிவிட்டுத்தான் எழுவேன். அப்படியும் நாலு நாள் கழித்து மறுபடி நீலமாகக் கழிந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மூடியைத் தூக்க வாத்துக்குக் கை ஏது? பசையின் மேல்பரப்பை அகப்பையால் வழவழவென்று தடவி, மூடிவிட்டு, தண்ணீருக்குப் போய் வந்தேன். திறந்து பார்த்தேன். அலகு பட்டிருந்தால் இரண்டு பக்கமும் வழித்திருக்கும். இது ஒரே கோடு. என் சுண்டு விரலை வைத்துப் பார்த்தேன், அதைவிடவும் ஒடுக்கம். அப்போதும் எனக்கு உன் நினைப்பு வரவில்லை. பசையைத் தொடக்கூடாது என்று உனக்குத்தான் சொல்லியிருக்கிறேனே. தெருப் பிள்ளை எதுவோ வருகிறது, கையும் களவுமாகப் பிடித்து முதுகில் நாலு வைக்கிறேன் என்று, குடத்தோடு வெளியே போகிற மாதிரிப் போய், சுற்றி வந்து கொல்லைத் தட்டிக்குப் பின்னால் நின்றேன்.

நீ வந்தாய். வாசலைப் பார்த்தாய். மூடியைச் சத்தமில்லாமல் எடுத்துக் கீழே வைத்தாய், உள்ளே விரலை விட்டாய். "தம்பிக்கு ஒரு வாய்" என்றாய். அது நக்கியது. "அக்காவுக்கு ஒரு வாய்" என்றாய். பிறகு மறுபடி தம்பிக்கு. எனக்கு எல்லாம் ஒரேயடியாக விளங்கிவிட்டது, ஒரு வருசத்து வாந்தியும், பச்சை நிறமும், அந்தச் சூடும். உள்ளே வந்து உன் முன்னால் உட்கார்ந்தேன். அடிப்பேன் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாய். "எம்புட்டு நாளாத்தா திங்குறே?" என்றேன். "தெனமும்" என்றாய். "இனிக்குமா?" "கசக்கும்." "பெறகு எதுக்குடி தின்னே?" "சுடச்சுட இருக்கும்லா" என்றாய். காலையில் பழைய கஞ்சி ஊற்றிவிட்டு உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துதான் நம் வீட்டில் அடுப்பு எரியும். பகலில் சூடாக இருந்தது அந்தப் பசைச் சட்டி ஒன்றுதான்.

குஞ்சை மதினி கையில் கொடுத்துவிட்டு, உன்னைத் தூக்கிக்கொண்டு கம்பெனி வாசலுக்கு ஓடினேன். உங்க அய்யா சட்டைகூடப் போடாமல் சைக்கிளை எடுத்தார். ஆஸ்பத்திரியில் நான் ஆணியை டாக்டர் மேசையில் வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார், திட்டவில்லை. பக்கத்தில் நின்ற நர்சம்மாதான் திட்டினாள். "பிள்ளைய இப்பிடியா பாப்பீக? நீயெல்லாம் ஒரு தாயா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. ஆனால் அன்றைக்கு நான் அங்கேயே எழுந்து ஓடியிருப்பேன், உங்க அய்யா கையைப் பிடித்திருந்ததால் நின்றேன். நீ அந்த உடுப்பைப் போட்ட பிறகு இதை மறந்துவிடாதே. வயிற்றில் சூட்டுத் தழும்போடு ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வருவாள். அவளிடம் நோயைக் கேட்டால் பித்தம் என்பாள், அவளுக்கு அதுதான் தெரியும். உங்கள் வீட்டில் என்ன வேலை செய்கிறீர்கள், தரையில் என்ன கிடக்கும், பகலில் அடுப்பு எரியுமா என்று கேள். மெதுவாகக் கேள். என்ன நிறம் என்று கேட்க அருவருப்புப் படாதே. என் பிள்ளையின் உயிர், எச்சத்தைக் கிளறிய ஒரு வாத்துக்காரரால் கிடைத்தது.

சாயங்காலம் நாம் திரும்பி வந்தபோது மதினி என்னை மட்டும் கொல்லைக்குக் கூப்பிட்டாள். பெட்டி ஒட்டும் நீலத்தாளில் குஞ்சைச் சுற்றி வைத்திருந்தாள். மத்தியானம் வரை அவளே திரியில் வெள்ளைக் கரு விட்டிருக்கிறாள், இறங்கவில்லையாம். என்னைக் கேலி பேசியவள், அன்றைக்கு என் தோளில் சாய்ந்து அழுதாள். நீ உள்ளே இருந்து, "தம்பி எங்கம்மா?" என்று கூப்பிட்டாய். "வாத்துக்காரரு வந்து கூட்டிட்டுப் போயிட்டாருத்தா, அவன் நீந்தப் படிக்கணும்லா" என்றேன். அடுத்த வருசம் கூட்டம் வந்தபோது நீ ஓடிப்போய் அந்த மனிதரிடம், "எந் தம்பி எது?" என்று கேட்டாய். நான் பின்னாலிருந்து கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, "அந்தா, பச்சைக் கழுத்தா ஒண்ணு போகுது பாரு, அவந்தான்" என்றார். அந்தக் கழுத்து கண்மாய்க்குள் மறையும்வரை நீ கை ஆட்டினாய்.

ஏன் மறைத்தேன்? உன் விரலால்தான் அது செத்தது என்று உனக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தேன். முதல் விரல் என்னுடையது என்பதை நான் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்கு உன் கையாலும், நல்லது என்று நினைத்தே ஒரு தப்பு நடக்கலாம். ஆஸ்பத்திரி வேலை அப்படி. அன்றைக்கு மறைக்காதே, எனக்கு எழுது. நான் உன்னைத் திட்ட மாட்டேன், எப்படி நடந்தது என்றுதான் கேட்பேன்.

தட்டிக்குப் பின்னால் நின்றபோது பார்த்ததில் ஒன்றை மட்டும் மேலே எழுதாமல் விட்டேன். நீ பசையை விரல் நிறைய வழித்துத் தம்பிக்குக் கொடுத்தாய். அது நக்கி முடித்த பிறகு, விரலில் ஒட்டியிருந்த மிச்சத்தைத்தான் அக்காவுக்கு ஒரு வாய் என்று சப்பினாய். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். குஞ்சு வந்த பிறகு உனக்கு வாந்தி குறைந்தது சூட்டால் இல்லை, சாமியாலும் இல்லை. உன் பங்கை அது தின்றுகொண்டிருந்தது.

தம்பி எங்கே என்று பஸ்ஸில் கேட்டாயே. நம் கொல்லையில், துவைகல்லுக்கு மேற்கே ஒரு சாண் தள்ளி இருக்கிறான். லீவுக்கு வா, காட்டுகிறேன்.

அம்மா